டிகிரி மட்டும் போதாது, வாட்டும் வேண்டும்: பிராசஸர் சூடு பற்றி வாசகர் கேள்விகள்

முதன்முறையாகச் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லோரும் டிகிரியை எழுதியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பிராசஸர் எத்தனை வாட் இழுத்தது என்பதை யாரும் எழுதவில்லை. 95 டிகிரி 140 வாட்டில் வந்தால் ஒரு கதை, 60 வாட்டில் வந்தால் முற்றிலும் வேறு கதை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து சென்சார் பகுதிக்குப் போனால் வெப்பம், பேக்கேஜ் பவர் (பிராசஸர் இழுக்கும் வாட்), கோர்களின் வேகம் மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். அடுத்து எழுதுகிறவர்கள் அந்த மூன்றோடு அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: ரைசன் 5 7600எக்ஸ் வாங்கி, ஒரு நல்ல டவர் கூலரும் போட்டிருக்கிறேன். சினிபெஞ்ச் (பிராசஸரை முழுப் பளுவில் ஓட்டும் சோதனை மென்பொருள்) ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. கூலர் சரியாக உட்காரவில்லையா? பிராசஸர் கெட்டுப்போகுமா?

பதில்: 95 டிகிரி என்பது அந்த பிராசஸருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லை. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் அந்த எல்லை வரை போய்ப் பார்க்கும்படியே உருவாக்கப்பட்டவை. வெப்பத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா, மின்சாரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வேகத்தை ஏற்றும். எது முதலில் தீர்கிறதோ அங்கே நிற்கும். 7600எக்ஸுக்கு மின்சார எல்லை 142 வாட். பெட்டியில் போட்டிருக்கும் 105 வாட் என்பது வேறு கணக்கு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஆகவே 95-ஐப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 95-ல் நிற்கும்போது 110 வாட்டுக்கு மேல் இழுத்து, ஆறு கோரும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடினால் கூலர் தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். 70 வாட்டிலேயே 95 வந்து, வேகமும் அடிப்படை வேகமான 4.7 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் கூலரைக் கழற்றி மாட்டத்தான் வேண்டும்.

எண் கண்ணை உறுத்துகிறது, ஃபேன் சத்தமும் பிடிக்கவில்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஈகோ மோட் என்ற மின்சாரக் குறைப்பு வசதி இருக்கும். பெரும்பாலும் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் அல்லது பிரிசிஷன் பூஸ்ட் என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். அதில் 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையான மின்சார எல்லை 88 வாட்டாகிவிடும். வெப்பம் நன்றாக இறங்கும். வேகத்தில் குறைவது பல வேலைகளில் சில சதவீதம்தான். அதே பகுதியில் வெப்ப எல்லையையே 85 என்று கையால் எழுதிவிடவும் சில மதர்போர்டுகள் இடம் தருகின்றன. எங்களைக் கேட்டால், விளையாட்டுக்காக வாங்கியவர்கள் ஈகோ மோடை முதல் நாளே போட்டுவிடலாம்.

கேள்வி: எத்தனை டிகிரி வரை சரி? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஒவ்வொரு மாடலுக்கும் எல்லை வேறு. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு 100 டிகிரி. ரைசன் 5 5600எக்ஸுக்கு 95, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிப் போனால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். எரிந்துபோகும் நிலைக்கு அது தானாகப் போவதில்லை.

கூலர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டுங்கள். அப்போதைய வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, மிச்சத்தை வாட்டால் வகுங்கள். அறை 30, பிராசஸர் 80, இழுப்பது 125 வாட் என்றால் 50-ஐ 125-ஆல் வகுக்க 0.4 வரும். ஒவ்வொரு வாட்டுக்கும் 0.4 டிகிரி ஏறுகிறது என்று பொருள். நல்ல டவர் கூலருக்கு 0.3 முதல் 0.5 வரை சகஜம். பிராசஸரோடு பெட்டியில் வரும் சிறு கூலருக்கு 0.7 அருகே இருந்தால் குறை சொல்ல முடியாது. பெரிய டவர் கூலரைப் போட்டுவிட்டு 0.7 வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு சலுகை கொடுக்க வேண்டும். ரைசனில் கோர்கள் இருக்கும் சில்லு மிகச் சிறியது; அவ்வளவு வெப்பமும் அந்தச் சிறு பரப்பிலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது. அதனால் அதே கூலர் ரைசனில் இன்டெல்லைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். 7000 வரிசையில் பிராசஸரின் உலோக மேல்மூடி தடிமனாக இருப்பதும் ஒரு காரணம். அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். இரவில் எடுத்த அளவை உச்சி வெயிலில் எடுத்ததோடு ஒப்பிட்டு, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கோர் ஐ5 12400 போட்டேன். பெட்டியில் வந்த இன்டெல் கூலர்தான். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போதே 100 டிகிரி; இரண்டு முறை தானாக அணைந்துவிட்டது. பேஸ்ட் கூலரிலேயே தடவி வந்திருந்தது, நான் எதுவும் போடவில்லை.

பதில்: இன்ஸ்டால் ஆவது பெரிய பளு அல்ல. அதற்கே 100 என்றால் கூலர் பிராசஸரைத் தொடவே இல்லை, அல்லது ஒரு ஓரத்தில் மட்டும் தொடுகிறது. இந்தக் கூலரில் சந்தேகப்பட வேண்டியது நான்கு பிளாஸ்டிக் கால்களைத்தான். முதன்முறை மாட்டுகிறவர்களில் நிறையப் பேருக்கு மூன்று கால் இறங்கி ஒன்று இறங்காமல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே தெரியும், அதுதான் தொல்லை.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்குங்கள். சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்திலிருந்து கூலரின் ஒயரைக் கழற்றுங்கள். ஒவ்வொரு காலின் கறுப்புத் தலையிலும் ஒரு அம்புக்குறி இருக்கும். அந்த அம்பு காட்டும் திசை கழற்றுவதற்கான திசை. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அம்பின் திசையில் கால்வட்டம் திருப்பி, மேலே இழுங்கள். நான்கையும் எடுத்த பின் கூலரைத் தூக்கினால் பேஸ்டில் பதிந்த தடம் தெரியும்: ஒரு பக்கம் நசுங்கிப் பரவி, மறுபக்கம் தொழிற்சாலையில் தடவிய கோடுகள் அப்படியே இருந்தால் எந்தக் கால் ஏமாற்றியது என்று தெரிந்துவிடும்.

மறுபடி மாட்டும்போது முடிந்தால் மதர்போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் போடுங்கள். நான்கு கறுப்புத் தலைகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி முட்ட வைத்து, முழுவதும் மேலே இழுத்துவிடுங்கள். கூலரை நேராக இறக்கி, நான்கு வெள்ளை நுனிகளும் போர்டின் துளைகளுக்குள் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளை நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதி துளைக்கு வெளியே மடங்கிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் பூட்டாது. பிறகு எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள்: ஒரு மூலை, அதற்குக் குறுக்கே உள்ள மூலை, பின் மற்ற இரண்டு. ஒவ்வொன்றிலும் டிக் என்ற சத்தம் கேட்கும். போர்டு வளைவதைப் பார்த்து நடுங்க வேண்டாம், கொஞ்சம் வளையத்தான் செய்யும்.

சத்தத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நான்கு இடத்திலும் வெள்ளை நுனி வெளியே வந்து, அதன் இரு பாதிகளுக்கும் நடுவே கறுப்பு ஊசி தெரிய வேண்டும். கறுப்பு தெரியாத கால் பூட்டவில்லை. இப்போது கூலரை மெல்ல அசைத்தால் போர்டும் சேர்ந்து அசைய வேண்டும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் இருந்த டவர் கூலரை அப்படியே எல்ஜிஏ1700 போர்டில் மாட்ட முடியுமா? துளை கிட்டத்தட்ட ஒத்துவருகிற மாதிரி இருக்கிறது.

பதில்: அந்தக் கிட்டத்தட்டதான் ஆபத்து. எல்ஜிஏ என்று தொடங்குபவை இன்டெல் பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுகளின் பெயர்கள். எல்ஜிஏ1200-லும் அதற்கு முந்தைய 115 வரிசை சாக்கெட்டுகளிலும் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர்; 1700-ல் 78. பிராசஸர் உட்காரும் உயரமும் குறைந்துவிட்டது, முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு. இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டாலும் கூலர் போதிய அழுத்தத்தோடு உட்காராது. கூலர் நிறுவனத்திடம் 1700-க்கான பிராக்கெட்டைக் கேட்டுப் பாருங்கள்; பல நிறுவனங்கள் தனியாகத் தருகின்றன. 1700-க்கு ஒத்துவருவது எல்ஜிஏ1851-க்கும் ஒத்துவரும். ஏஎம்டி பக்கம் (ஏஎம்4, ஏஎம்5 அதன் சாக்கெட்டுகள்) இந்தத் தலைவலி குறைவு: போர்டோடு வந்த பின்தட்டையே பயன்படுத்தும் ஏஎம்4 கூலர்கள் ஏஎம்5-லும் உட்காரும். தன் சொந்தப் பின்தட்டைப் போடச் சொல்லும் கூலர்கள் உட்காரா, ஏனென்றால் ஏஎம்5-ல் அந்தத் தட்டைக் கழற்ற முடியாது.

கேள்வி: கூலரின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இருந்ததாக இப்போது நினைவு வருகிறது. அதோடு மாட்டிவிட்டேனோ?

பதில்: மாட்டியிருக்கிறீர்கள். கழற்றி, உரித்து, பிராசஸர் பக்கம் ஒட்டியிருக்கும் பேஸ்டையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிராசஸருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கேள்வி: தெர்மல் பேஸ்ட் எவ்வளவு போட வேண்டும்? அட்டையை வைத்து இழுத்துப் பரப்புவதா, நடுவில் ஒரு சொட்டு வைத்து விட்டுவிடுவதா? கூலரில் ஏற்கெனவே தடவி வந்தால் கூடுதலாகக் கொஞ்சம் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். ஏற்கெனவே தடவியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள், அல்லது முழுக்கத் துடைத்துவிட்டு உங்கள் பேஸ்டைப் போடுங்கள். இரண்டும் கலந்தால் அடுக்கு தடிக்கும்.

அளவைப் பற்றி நடக்கும் சண்டைக்கு அதில் அவ்வளவு விஷயம் இல்லை. சதுரமான ஏஎம்4 மூடிக்கு நடுவில் பட்டாணி அளவு ஒரு சொட்டு போதும். எல்ஜிஏ1700 பிராசஸர் நீளவாட்டில் இருப்பதால் நீளத்தின் வழியே ஒரு கோடு, அல்லது நடுவில் ஒரு சொட்டும் நான்கு மூலைகளில் சிறு புள்ளிகளும். ஏஎம்5-க்கு மெல்லிய பெருக்கல் குறி. அட்டையால் பரப்புவதும் தவறில்லை. குமிழி சிக்காமல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான். கொஞ்சம் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கும், வெப்பத்தில் பெரிய மாற்றம் இருக்காது, ஏனென்றால் கூலரின் அழுத்தம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். குறைந்தால்தான் வெற்றிடம் விழும். ஏஎம்5 மூடியின் ஓரங்களில் வெட்டுகள் இருப்பதால் பிதுங்கியது அங்கே போய்த் தங்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும்; சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, ஆகவே அதை நோண்டி எடுக்கப் பாடுபட வேண்டாம். திரவ உலோகம் வேறு ரகம்: மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். முதல் கம்ப்யூட்டரில் அதைத் தொடாதீர்கள்.

துடைப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேலான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், நூல் உதிராத துணியோ காபி ஃபில்டர் தாளோ போதும். ஒரு முறை கூலரைத் தூக்கிவிட்டால் பழைய பேஸ்டையே நம்பித் திரும்ப வைக்காதீர்கள். உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஸ்குரூ வைத்த கூலராக இருந்தால் ஒரு மூலையை முழுதும் முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இரண்டு மூன்று சுற்று இங்கே, இரண்டு மூன்று சுற்று எதிர் மூலையில் என்று மாறி மாறி, ஸ்குரூ தானே முட்டி நிற்கும் வரை. முட்டவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் வேறு சாக்கெட்டுக்கான ஸ்டாண்ட்ஆஃப் (கூலரைத் தாங்கும் சிறு தூண்) போட்டிருக்கிறீர்கள். ஒரே பெட்டியில் மூன்று நான்கு ரகம் வரும், உயரம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவில் மாறும்.

கேள்வி: 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போட்டும் கோர் ஐ7 13700கே 100 டிகிரியைத் தொடுகிறது. ரேடியேட்டரின் ஃபேன்களிலிருந்து வருவது வெறும் குளிர்ந்த காற்று.

பதில்: ஃபேனில் குளிர்ந்த காற்று என்று எழுதியிருப்பது நல்ல துப்பு. வெப்பம் ரேடியேட்டருக்கு வந்து சேரவில்லை. பம்ப் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்: பயாஸிலோ எச்டபிள்யூஇன்ஃபோவிலோ பம்பின் சுழற்சி வேகம் காட்டும். பூஜ்யம் என்றால் ஒயர் மாட்டவில்லை. சில மாடல்களில் பம்புக்கு சாட்டா பவர் தனியாகக் கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடுவார்கள். வேகம் காட்டினாலும் அந்த இணைப்பு ஃபேன் போல வெப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும்படி இருக்கலாம். பம்பை எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன்களைத்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

பளுவில் பத்து நிமிடம் ஓடிய பிறகு இரண்டு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே இளஞ்சூட்டில் இருப்பதுதான் இயல்பு. நீர் வேகமாகச் சுற்றுவதால் வித்தியாசம் சில டிகிரிதான். ஒன்று சுட்டு, மற்றது சில்லென்று இருந்தால் நீர் ஓடவில்லை. இரண்டுமே குளிர்ந்திருந்து, பம்பும் ஓடினால் பிராசஸருக்கும் பம்ப் தலைக்கும் நடுவே தொடர்பு இல்லை. பிளாஸ்டிக், பிராக்கெட், பேஸ்ட் என்று பார்த்து வாருங்கள். ரேடியேட்டர் கேபினெட்டின் மேல்பக்கம் இருப்பது நல்லது. முன்பக்கம் வைத்தால் அதன் மேல் ஓரம் பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்று பம்பில் போய்ச் சேரும். நீர் கலகலக்கும் சத்தம் அதன் அறிகுறி.

இவை எல்லாம் சரி, ரேடியேட்டரிலிருந்து வெதுவெதுப்பான காற்றும் வருகிறது, அப்போதும் 100 தொடுகிறது என்றால் பயாஸைப் பாருங்கள். இந்த பிராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்ச மின்சாரம் 253 வாட். பல மதர்போர்டுகள் பிஎல்1 (நீடித்த பளுவுக்கு), பிஎல்2 (குறுகிய நேர உச்சத்துக்கு) என்ற இரு மின்சார எல்லைகளிலும் 4096 வாட் என்று எழுதி வைத்திருக்கின்றன. எல்லையே இல்லை என்று அர்த்தம். இரண்டையும் 253-க்குக் கொண்டுவாருங்கள். பெரிய கூலர் இல்லாதவர்கள் பிஎல்1-ஐ 125 வைத்துக்கொள்ளலாம். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் ஒரு வார்த்தை, இது சூட்டைவிட முக்கியம். இந்தத் தலைமுறைகளின் பல டெஸ்க்டாப் பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் நிலைகுலையும் பிரச்சினையை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியே வரும் திருத்திய மைக்ரோகோடுகளை வெளியிட்டது. 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பயாஸைப் போட்டுவிடுங்கள். பாதிப்பு ஏற்கெனவே வந்துவிட்ட பிராசஸரை அது குணமாக்காது. ஆனால் இந்த மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். சூடு இல்லாமலேயே விளையாட்டு பாதியில் வெளியேறுகிறது, பெரிய ஃபைலைப் பிரிக்கும்போது பிழை வருகிறது என்றால் அந்த வழியில் போங்கள்.

கேள்வி: கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் 12 டிகிரி குறைகிறது. மாட்டினால் மறுபடி ஏறிவிடுகிறது. திறந்தே வைத்துவிடலாமா?

பதில்: திறந்து பார்த்தது சரியான சோதனை. இரண்டு மூன்று டிகிரி குறைவது எல்லா கேபினெட்டிலும் நடக்கும். 12 என்றால் கூலரில் குற்றமில்லை, காற்று உள்ளே வரவில்லை. திறந்தே வைத்தால் தூசியும் சத்தமும் கூடும், அதனால் காரணத்தைத் தேடுவோம்.

உங்கள் கேபினெட்டின் முன்பக்கம் மூடிய கண்ணாடியா, வலையா? கண்ணாடி என்றால் அதன் ஓரச் சந்துகளில் நுழையும் காற்றுதான் ஃபேன்களுக்குக் கிடைக்கிறது. முன்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, பக்கக் கண்ணாடியை மாட்டி மறுபடி ஓட்டுங்கள். வெப்பம் இறங்கினால் குற்றவாளி முன்பலகைதான். இறங்கவில்லை என்றால் ஃபேன்களின் திசையைப் பாருங்கள். ஃபேனின் ஒரு முகம் திறந்திருக்கும். மறுமுகத்தில் மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் இருக்கும். கம்பி இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். உலகத்திலுள்ள எல்லா ஃபேனுக்கும் இது பொருந்தாவிட்டாலும் சாதாரண ஃபேன்களுக்குப் பொருந்தும். சந்தேகமாக இருந்தால் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பக்கத்தில் காட்டுங்கள், ஒட்டிக்கொண்டால் உள்ளிழுக்கிறது, பறந்தால் வெளித்தள்ளுகிறது. முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள வேண்டும். டவர் கூலரின் ஃபேனும் பின்பக்க ஃபேனை நோக்கியே காற்றைத் தள்ள வேண்டும். கூலரைத் திருப்பி மாட்டிவிட்டு, வெளியேறும் சூட்டையே மறுபடி உறிஞ்சிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

விளையாடும்போது மட்டும் ஏறுகிறது, சினிபெஞ்சில் ஏறவில்லை என்றால் அந்தச் சூடு கிராஃபிக்ஸ் கார்டினுடையது. 300 வாட் கார்டு தன் வெப்பத்தை எல்லாம் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது, பிராசஸர் கூலர் அதைத்தான் சுவாசிக்கிறது. அதற்குத் தெர்மல் பேஸ்ட் மருந்தல்ல.

கேள்வி: பயாஸில் 55 டிகிரி, விண்டோஸில் சும்மா இருக்கும்போது 40. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. பயாஸில் இருக்கும்போது பிராசஸர் உறங்கும் நிலைகளுக்குப் போவதில்லை, அதனால் சும்மா இருந்தாலும் கூடுதலாகக் காட்டும். பயாஸில் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் மட்டும் கவலைப்படுங்கள். விண்டோஸில் சும்மா இருக்கும்போதே 65, 70 என்றால் டாஸ்க் மேனேஜரில் எது பிராசஸரைத் தின்கிறது என்று பாருங்கள். புதிய விண்டோஸில் முதல் சில மணி நேரம் அப்டேட்டும் தேடல் அட்டவணையும் பின்னணியில் ஓடும். பெயர் தெரியாத ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே அடங்கிவிட்டால் அது உங்கள் கம்ப்யூட்டரில் வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் எடுக்கும் திருட்டு மைனிங் மென்பொருளாக இருக்கலாம்.

கேள்வி: வெப்பம் 50-க்கும் 70-க்கும் நடுவே குதிக்கிறது. ஃபேன் சத்தம் ஏறி இறங்கி எரிச்சலூட்டுகிறது.

பதில்: ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்புகிறது, சில்லு சிறியது, அந்த நொடியில் சூடு 15 டிகிரி தாவும். கூலரின் உலோகம் அதற்குள் சூடாகியே இருக்காது. பயாஸின் ஃபேன் பகுதியில் ஸ்டெப் அப் டைம், ஸ்மூத்திங், டிலே என்று ஏதாவது ஒரு பெயரில் தாமதம் இருக்கும். மூன்று முதல் ஐந்து நொடி வையுங்கள். வெப்பத்துக்கு ஏற்ப ஃபேன் வேகத்தைக் காட்டும் வளைகோட்டில் 65 டிகிரி வரை ஃபேனை ஒரே வேகத்தில் வைத்து, அதன்பின் ஏறவிடுங்கள். நான்கு முள் ஃபேனுக்கு பிடபிள்யூஎம், மூன்று முள்ளுக்கு டிசி என்று தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். மூன்று முள் ஃபேனை பிடபிள்யூஎம்மில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் கத்தும்.

கேள்வி: பிராசஸர் 65 டிகிரிதான். ஆனாலும் வீடியோ ரெண்டர் செய்யும்போது பத்து நிமிடத்தில் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறுகிறது.

பதில்: சூடானது பிராசஸர் அல்ல, அதற்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம். பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் சிறு கறுப்புச் சதுரங்கள் அவை. விலை குறைந்த போர்டுகளில் அவற்றின் மேல் ஹீட்சிங்க் இருக்காது. தங்கள் எல்லையைத் தொட்டதும் அவை பிராசஸரை அதட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்கின்றன. எச்டபிள்யூஇன்ஃபோவில் விஆர்எம் அல்லது மாஸ் என்ற பெயரில் வெப்பம் காட்டினால் 100-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். எண் காட்டாத போர்டுகளும் உண்டு. அப்போது சாக்கெட்டை நோக்கி ஒரு மேசை ஃபேனைத் திருப்பி வைத்து ரெண்டர் செய்யுங்கள். வேகம் விழவில்லை என்றால் நோய் உறுதி. மின்சார எல்லையைக் குறைப்பதும் மேல்பக்கம் ஒரு ஃபேன் சேர்ப்பதும் பலன் தரும். லிக்விட் கூலர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும், சாக்கெட்டைச் சுற்றிக் காற்று அடிக்க எதுவும் இல்லாததால்.

கேள்வி: பேஸ்ட் மாற்றச் சொல்கிறீர்கள். ஏஎம்4 போர்டில் கூலரை இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து வருமாமே?

பதில்: வரும். ஏஎம்4-ல் பூட்டு பிராசஸரின் பின்களைப் பக்கவாட்டில்தான் பிடிக்கிறது, மேலிருந்து அமுக்கும் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் அதைவிடப் பலமாக ஒட்டிக்கொள்ளும். கழற்றுவதற்கு முன் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி சூடாக்குங்கள். உடனே அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, ஸ்குரூக்களை எடுத்தபின் கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒட்டு விட்டது கையிலேயே தெரியும், அதன்பின் தூக்கலாம். ஏஎம்5-லும் இன்டெல்லிலும் உலோகச் சட்டம் பிடித்திருப்பதால் இந்தப் பயம் இல்லை.

பிராசஸர் கூலரோடு வந்துவிட்டால் பதறி இழுக்காதீர்கள். கூலரைத் தலைகீழாக மேசையில் வைத்து, பின்களில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருகி எடுங்கள். 1331 பின்களும் வரிசையாக நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்து நான்கு பக்கமும் பாருங்கள். வளைந்ததை ஈயக்குச்சி எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் குழல் நுனிக்குள் நுழைத்து மெல்ல நிமிர்த்தலாம். சாக்கெட்டின் லீவரை மேலே தூக்கி, மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் பிராசஸர் தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அழுத்தாமல் வெளியே எடுங்கள். இன்னும் ஒரு பின் வளைந்திருக்கிறது.